வீடும் வில்லங்கமும்: புள்ளிக்கோட்டுக்குள் ஒரு தோட்டம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம்: 'ஃபேஸ் டூ', அதாவது இருக்கிற குடியிருப்பை ஒட்டி பில்டர் எழுப்பும் இரண்டாம் கட்டம். தாம்பரத்துக்கு அந்தப்பக்கம் எங்கே திரும்பினாலும் நீலத் தகரம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. பட்டா, உயில், வாடகை அட்வான்ஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் வக்கீல் இல்லை. இருபத்தெட்டு வருஷம் கட்டட வரைபடம் போட்டுச் சோறு தின்றவள். அதன் பிறகு நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் செகரட்டரியாக இருந்து எல்லார் வாயிலும் விழுந்தவள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிலாவது கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.

கே: வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் 312 வீடுகள் கொண்ட குடியிருப்பில், 2018-இல் வீடு வாங்கினோம். பில்டர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் நடுவே பெரிய தோட்டமும் நடைபாதையும் காட்டியிருந்தார்கள். குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் காலையில் நடக்கிறோம். போன மாதம் ஒருநாள் விடிவதற்குள் அந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். இரண்டாம் கட்டமாக மூன்று பிளாக் வருகிறதாம். கேட்டால், "அது முதல்லேர்ந்தே எங்க இடம் சார், பிளானைப் பாருங்க" என்கிறார்கள். எல்லாரும் பேனர் பிடித்து வாசலில் நிற்கலாம் என்று குரூப்பில் ஒரு கட்சி. எடுபடுமா அம்மா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

ப: பேனர் பிறகு. முதலில் அவர் சொன்னதையே செய்யுங்கள் சார், பிளானைப் பாருங்கள். முகத்தில் அடித்த மாதிரி அதை அவர் சொன்னாலும், உங்கள் 312 பேரில் எத்தனை பேர் இன்றுவரை அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறீர்கள்?

எனக்கு இதில் ஒரு பழைய பாவம் இருக்கிறது. தொண்ணூறுகளில் தி.நகரில் ஓர் ஆபீஸில் டிரேசிங் ஷீட் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சுவருக்குத் தடித்த முனைப் பேனா, அளவுக்கோட்டுக்கு மெல்லிய முனை. 'பின்னால் கட்டிக்கொள்ளலாம்' என்று முதலாளி மனதில் வைத்திருக்கும் இடத்துக்கு இருப்பதிலேயே மெல்லிய முனையில் ஒரு புள்ளிக்கோடு. அதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி 'எதிர்கால விரிவாக்கம்' என்று இரண்டு வார்த்தை. அம்மோனியா பிரின்ட் எடுத்தால் அந்தக் கோட்டில் பாதி வராது. வந்த பாதியையும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மெல்லிசாப் போடும்மா" என்பார்கள். போட்டேன். அதே தாளை விளம்பரக்காரர்கள் எடுத்துப்போய், அந்தக் கட்டத்துக்குள் பச்சையை ஊற்றி, ஒரு பந்தையும் நாலு குழந்தைகளையும் ஓடவிட்டுப் புத்தகம் அச்சடிப்பார்கள். மேலே சுவர் வரப்போகும் இடத்தில்தான் அந்தப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே விளம்பரப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்குங்கள். உங்கள் ஊர் எந்த எல்லைக்குள் வருகிறதோ அதைப் பொறுத்து, கட்டட அனுமதி கொடுக்கும் சிஎம்டிஏவிலோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியிலோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் சொல்லவேண்டும். அதற்கு முன்னாலேயே ரேரா என்று நாம் சொல்கிற தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள்; வரைபடம் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

தாள் கைக்கு வந்ததும் படத்தைப் பார்க்காதீர்கள். மூலையில் உள்ள கட்டத்தைப் பாருங்கள். மனையின் மொத்தப் பரப்பு எவ்வளவு, திறந்தவெளிக்கு என்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தது எவ்வளவு, எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) எவ்வளவு, மூன்றும் அங்கே இருக்கும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் பத்து சதவீதத்தை ஓஎஸ்ஆர் எனும் திறந்தவெளி நிலமாகத் தானப் பத்திரம் போட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது. தகரம் அடித்த இடம் அந்த ஓஎஸ்ஆர் நிலம் என்றால் உங்களுக்கு வேறு வாதமே வேண்டாம். அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. ஆனால் அது பொதுமக்கள் இடம், நீங்களும் கேட் போட்டுப் பூட்ட முடியாது.

அடுத்து, ஏன் இப்போது திடீரென்று இத்தனை ஃபேஸ் டூ முளைக்கிறது என்று யோசித்தீர்களா? 2019-இல் புதிய கட்டட விதிகள் வந்தபோது, சாதாரணக் குடியிருப்புகளுக்கான எஃப்எஸ்ஐயை 1.5-லிருந்து 2 ஆக்கினார்கள். உங்களுடையது ஆறு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 2,61,360 சதுர அடி. பழைய கணக்கில் அதன்மேல் சுமார் 3,92,000 சதுர அடி கட்டலாம்; புதிய கணக்கில் 5,22,700. நீங்கள் குடிவந்து பால் காய்ச்சிய பிறகு, அதே மண்ணின் தலையில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சதுர அடி புதிதாக வந்து உட்கார்ந்துவிட்டது. நூறு வீட்டுக்குமேல் கட்டலாம். கேள்வி அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரம் யாருடையது என்பதுதான்.

அதற்கான விடை உங்கள் பீரோவில் இருக்கிறது. கிரையப் பத்திரத்தை எடுத்து ஏ ஷெட்யூலைப் படியுங்கள். மொத்த நிலம் எத்தனை ஏக்கர் என்று போட்டிருக்கிறது? பி ஷெட்யூலில் அந்த மொத்த நிலத்தில் உங்களுக்கு எழுதிக்கொடுத்த பிரிபடாத பாகம், அதாவது யுடிஎஸ், எத்தனை சதுர அடி? இப்போது 312 வீட்டுக்காரர்களின் யுடிஎஸ்ஸையும் கூட்டுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவனை உட்காரவைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கூட்டுத்தொகை ஏ ஷெட்யூலில் உள்ள மொத்தப் பரப்பைத் தொட்டுவிட்டது என்றால், பில்டர் கையில் விற்க ஓர் அடி மண்கூட மிச்சமில்லை. உங்கள் நிலத்தில்தான் தகரம் அடித்திருக்கிறார். தொடவில்லை என்றால் மிச்சம் அவருடையது. உதாரணத்துக்கு, ஆறு ஏக்கரில் 312 பேருக்குமாகச் சேர்ந்து ஒன்றரை லட்சம் சதுர அடிதான் எழுதியிருக்கிறார் என்றால், 1,11,360 சதுர அடியை அவர் அன்றைக்கே தனக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டார் என்று அர்த்தம். பலரும் இந்தக் கூட்டலைப் போடாமலே கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

மூன்றாவது, ரேரா பதிவு. ஒரு திட்டத்தைப் பல கட்டமாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் திட்டம் என்றும், தனித்தனியே பதிய வேண்டும் என்றும் 2016-ஆம் வருஷத்து மத்திய ரேரா சட்டம் சொல்கிறது. முதல் கட்டத்தைப் பதிந்தபோது எவ்வளவு நிலம் காட்டினார் என்று பாருங்கள். ஆறு ஏக்கரையும் காட்டியிருந்தால், தோட்டமும் அந்தத் திட்டத்தின் பொது இடம். அதில் கை வைக்க 14-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: அனுமதி பெற்ற வரைபடத்தையோ பொது இடங்களையோ மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் எழுத்து மூலமான முன்சம்மதம் வேண்டும். 312 பேர் தனித்தனி ஆள் என்றால் 208 கையெழுத்து. ஒருவரே நாலு வீடு வாங்கியிருந்தாலும் ஓர் ஆள்தான். பில்டரின் விற்காத வீடுகள் கணக்கில் சேராது.

"ஆனால் நீங்க அக்ரிமென்ட்டிலேயே சம்மதம் கொடுத்துட்டீங்களே" என்று பதினேழாம் பக்கத்தைக் காட்டுவார்கள். 'எதிர்காலத்தில் செய்யும் எந்த விரிவாக்கத்துக்கும் ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பார்த்ததும் துவண்டுபோகாதீர்கள். என்ன கட்டப்போகிறார், எங்கே, எத்தனை மாடி என்று எதுவுமே சொல்லாமல் முன்கூட்டி வாங்கிய சம்மதம் ஒரு சம்மதமா என்று வாதாட நன்றாகவே இடம் இருக்கிறது. இங்கேதான் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வசூலாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று காகிதத்தையும் பார்த்த பிறகு அந்த நிலம் தனிப் பத்திரம், தனிப் பதிவு, தனி அனுமதி என்று தெரிந்தால், அங்கே அவர் கட்டுவதை நிறுத்த முடியாது. உங்கள் பால்கனியிலிருந்து வேப்பமரம் தெரிவது சந்தோஷம், உரிமை இல்லை. விளம்பரத்தில் தோட்டம் என்று காட்டி விற்றதற்காக 12-ஆவது பிரிவின்கீழ் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு அந்த வழவழப்பான புத்தகம் கையில் இருக்கவேண்டும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்களா? பக்கத்து வீட்டில் கேளுங்கள், யாராவது ஒரு மாமி அதைப் பத்திரமாக வைத்திருப்பார்.

எல்லாம் உங்கள் பக்கம் இருந்தால் எழும்பூரில் உள்ள ஆணையத்தில் 'எம்' படிவத்தில் புகார். நஷ்டஈடு மட்டும் என்றால் 'என்' படிவம். அசோசியேஷன் பெயரில் போடுங்கள். பேனரை அதற்கப்புறம் பிடிக்கலாம், கையில் எண்களோடு.

கே: முடிச்சூர் பக்கம் எங்கள் குடியிருப்பை ஒட்டியே அதே கம்பெனியின் அடுத்த கட்டம். இன்னும் அஸ்திவாரம்கூடப் போடவில்லை. ஆனால் லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டி இடத்தையே நாலடி உயர்த்திவிட்டார்கள். எங்கள் தரைத்தளம் இப்போது பள்ளம். 2015 ஞாபகம் வந்து தூக்கமே வருவதில்லை. மண் கொட்டுவதைத் தடுக்க முடியுமா?
– தரைத்தள வீட்டுக்காரி

ப: அம்மா, நானும் மேற்குத் தாம்பரம்தான். நானும் பழைய பிளாக்தான். எங்கள் பக்கத்து மனையில் இரண்டாம் கட்டம் எழும்பியது 2012-இல். அவர்கள் மனை எங்களுடையதைவிட மூன்றடி மேடு. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு பொங்கி வந்தபோது எங்கள் ஸ்டில்ட்டில், அதாவது தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தில், மீட்டர் பெட்டி வரை தண்ணீர். அவர்கள் பார்க்கிங்கில் கார் டயர் நனையவில்லை. ஆறு பொங்கியதற்குப் பில்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரெல்லாம் வடிந்த பிறகும் எங்கள் வளாகத்தில் மட்டும் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பின்பக்கம் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வாய்க்கால், அந்த மூன்றடி மண்ணுக்கு அடியில் போயிருந்தது. அதற்கு யாரைச் சொல்வது?

மண் கொட்டுவதே தப்பு என்று கிளம்பாதீர்கள். வெள்ளம் தேங்கும் பகுதியில் பெரிய திட்டம் என்றால், பொதுப்பணித் துறையிலிருந்து, இப்போது நீர்வளத் துறை, தடையில்லாச் சான்று வாங்கச் சொல்வார்கள். அந்தச் சான்றிலேயே மனையை இந்த மட்டத்துக்கு உயர்த்து என்று கடல்மட்டத்தை வைத்து ஓர் அளவும் போட்டிருக்கும். அதாவது, உயர்த்தச் சொன்னதே அரசாங்கமாக இருக்கலாம். ஆனால் அதே கடிதத்தின் கீழ்ப்பகுதியில் நிபந்தனைகள் இருக்கும்: குறுக்கே போகும் வாய்க்காலை மறிக்கக்கூடாது, மழைநீர் வடிகாலை இன்ன அகலத்தில் கட்டி வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்கிற மாதிரி. பில்டர் மேல்பகுதியை மட்டும் நிறைவேற்றுவார்.

எனவே அந்தச் சான்றின் நகலையும் அதோடு இணைத்த வடிகால் வரைபடத்தையும் கேளுங்கள். வந்ததும் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தரை, அவர்கள் தரை, வெளியே ரோட்டுக் கால்வாயின் அடிமட்டம் மூன்றும் எழுத்தில் வேண்டும். 'நாலடி உயரம்' என்று வாயால் சொல்வதற்கும், சர்வேயர் கையெழுத்தோடு ஒரு தாளை நீட்டுவதற்கும் தாசில்தார் ஆபீஸில் கிடைக்கும் மரியாதையே வேறு. பழைய வாய்க்கால் ஓடியதா என்று கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் பாருங்கள். அங்கே வாய்க்கால் என்று சர்வே எண் இருந்தால், அது அரசுப் புறம்போக்கு. அதை மூட எந்தச் சான்றும் அனுமதி தராது.

வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடியுங்கள். அக்டோபரில் மனு எழுத உட்கார்ந்தால் நவம்பரில் படகுதான்.

கே: பெரும்பாக்கம் அருகே 180 வீடுகள். அடுத்து வரும் 240 வீடுகளுக்குத் தனி சம்ப்பும் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) எஸ்டிபியும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கட்டி முடியும் வரை, 'ஆறே மாசம்' எங்களுடையதில் இணைப்புக் கொடுத்துக்கொள்கிறோம் என்று கேட்கிறார்கள். பதிலுக்கு ஜிம் சாமான் புதுசாக வாங்கித் தருகிறார்களாம். கமிட்டியில் பாதிப்பேர் சரி என்கிறார்கள்.
– கமிட்டியின் மீதிப் பாதி

ப: ஜிம் சாமான்! முன்னெல்லாம் ஜெனரேட்டர் தருகிறேன் என்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் நகரக் குடியிருப்புகளுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. வீட்டுக்கு நாலு பேர். உங்கள் 180 வீட்டுக்கு 97,200 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவாக வெளியேறும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 78,000. உங்கள் எஸ்டிபி எண்பதாயிரம் லிட்டர் கொள்ளளவாகத்தான் இருக்கும். மூடிக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் பாருங்கள். இப்போது 240 வீட்டைச் சேர்த்தால் கழிவு 1,81,000 லிட்டரைத் தாண்டுகிறது. எண்பதாயிரம் கொள்ளும் தொட்டியில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். மிச்சம் எங்கே போகும் என்று நான் எழுதவேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் பின்பக்க மழைநீர்க் கால்வாயை மோந்து பார்த்தாலே தெரியும்.

நல்ல தண்ணீர்க் கதையும் அதேதான். புதிய வீடுகளுக்கு மட்டும் 1,29,600 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் தினம் பதினோரு லோடு. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்தபோது அந்த ரோட்டில் லாரிக்காக எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது போர்வெல்லில் வந்த கொஞ்சநஞ்சத்தையும் 420 வீட்டுக்குப் பங்கு போடச் சம்மதமா?

எஸ்டிபிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவில் இத்தனை லிட்டர் என்று எண் இருக்கும். அதைத் தாண்டினால் நோட்டீஸ் யார் பெயருக்கு வரும்? அதைப் பராமரிக்கிறவர் பெயருக்கு. அசோசியேஷன் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தால் உங்கள் பெயருக்கு. அப்போது ஜிம்மில் ஓடலாம்.

இன்னொரு முனையும் உண்டு. கட்டடப் பரப்பு இருபதாயிரம் சதுர மீட்டரை, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடியைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இரண்டு கட்டத்தையும் தனித்தனியாகக் காட்டி ஒவ்வொன்றையும் அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவது பழைய வித்தை. நானே அப்படி இரண்டு செட் வரைபடம் போட்டிருக்கிறேன். ஆனால் சம்ப் ஒன்று, எஸ்டிபி ஒன்று, கேட் ஒன்று என்றால் அது ஒரே திட்டம்தானே? இணைப்புக் கேட்டு அவர்கள் அனுப்பிய ஈமெயிலே உங்களுக்கு ஆதாரம். அதை அழித்துவிடாதீர்கள்.

பெரிய மனது பண்ணித்தான் ஆகவேண்டும் என்றால், கட்டட வேலைக்கான தண்ணீருக்கு மட்டும், தனி மீட்டர் வைத்து, முடிவுத் தேதி போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, பொதுக்குழுத் தீர்மானத்தோடு கொடுங்கள். கழிவுக் குழாயை மட்டும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்க விடாதீர்கள். நல்ல தண்ணீர் வால்வை நாளைக்கே மூடிவிடலாம். குடிவந்துவிட்ட வீட்டின் கக்கூஸ் குழாயை எந்தக் கமிட்டியாலும் மூட முடியாது.

கே: பக்கத்தில் பைலிங், அதாவது அஸ்திவாரத்துக்குப் பூமிக்குள் தூண் இறக்கும் வேலை, நடக்கிறது. சமையலறைச் சுவரில் விரிசல். 'இது பழைய விரிசல்' என்கிறார் சைட் இன்ஜினீயர். எப்படி நிரூபிப்பது? சத்தம் வேறு.
– மேடவாக்கம் வாசகி

ப: விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்காகக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதுங்கள். கண்ணாடிக் கடையில் விரல் அகலத்துக்கு மெல்லிய துண்டுகள் வெட்டித் தருவார்கள். ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து அப்புங்கள். அதன்மேலும் தேதி. சுவர் அசைந்தால் கண்ணாடி பொறுக்காது, பட்டென்று விரியும். பழைய விரிசல் என்றால் துண்டு அப்படியே இருக்கும், அவர் சொன்னது உண்மை. உடைந்தால் அன்றைக்கே படம் எடுத்து, பைலிங் நடந்த நேரத்தையும் எழுதி, இன்ஜினீயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால், அதே பில்டர்தான் என்றால், கட்டுமானக் குறைபாட்டை முப்பது நாளில் செலவில்லாமல் சரிசெய்துதர ரேரா சட்டமே சொல்கிறது. அப்போது பைலிங்கா, பழைய விரிசலா என்ற சண்டையே தேவைப்படாது. சத்தத்துக்கு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45. ராத்திரியில் பைலிங் ஓடினால் காவல் நிலையத்துக்கே போன் செய்யலாம்.

கே: நாங்கள் இரண்டாம் கட்டத்தில் வாங்கியவர்கள். உங்கள் பத்தியில் எப்போதும் முதல் கட்டத்துக்காரர்களே அழுகிறார்கள். எங்கள் கதையையும் கேளுங்கள். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். அதற்கென்று தனியாகப் பணமும் வாங்கினார்கள். வந்து பார்த்தால் குளத்தின் கேட்டில் வாட்ச்மேன் நின்று, "எந்த பிளாக்?" என்று கேட்டுக் குழந்தைகளைத் திருப்பி அனுப்புகிறார். மெயின் ரோட்டுக்குப் போகும் கேட்டையும் இரவு ஒன்பதுக்குப் பூட்டிவிடுகிறார்கள். நாங்கள் என்ன அகதிகளா?
– படூர் வாசகர்

ப: இல்லை. முதல் கடிதம் எழுதிய வங்கி சாரும் இதைப் படிக்கட்டும்; நாளைக்கு அவருக்கும் இந்தக் கேள்வி வரும்.

எங்கள் பழைய பிளாக்கின் முன்னால் ஒரு ஊஞ்சல் இருந்தது. 2013-இல் பக்கத்துக் கட்டத்தில் ஆட்கள் குடிவந்ததும் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். 'மெயின்டனன்ஸ் நாம கட்டறோம், தேய்மானம் அவங்களாலே' என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வந்தது. தீர்மானம் போட்டோம். ஊஞ்சலைச் சங்கிலியால் கட்டி, சைக்கிள் பூட்டைப் போட்டது செகரட்டரி, அதாவது நான். ஆறு மணிக்கு மேல் எங்கள் பிளாக் பிள்ளை யாராவது கேட்டால் சாவியோடு கீழே இறங்குவேன். எங்கள் பிள்ளைகளுக்கே அது அலுத்துப்போய் யாரும் கேட்பதில்லை. ஊஞ்சல் துருப்பிடித்தது. 2015 வெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்து நாலு குடும்பம் மூன்று நாள் எங்கே தங்கியது என்றால், மேட்டில் இருந்த அந்தப் பக்கத்துக் கட்டத்தின் முதல் மாடியில். யாரும் பிளாக் நம்பர் கேட்கவில்லை. ஜனவரியில் பூட்டைத் திறக்கப் போனேன். துருவில் இறுகி, வெல்டிங் கடைப் பையனைக் கூப்பிட்டு அறுக்கவேண்டியதாயிற்று. எழுபது ரூபாய் வாங்கினான்.

சரி, உங்கள் விஷயம். உங்கள் ஒப்பந்தத்தில் வசதிகள் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். குளமும் கிளப் ஹவுஸும் அதில் பெயர் சொல்லி இருக்கின்றனவா? இருந்தால், அவை எந்தக் கட்டத்தின் நிலத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். கட்டம் கட்டமாகப் பதிந்த திட்டத்தில், அந்தந்தக் கட்டத்தின் நிலம்தான் அந்தந்தக் கட்டத்துக்குப் பொது. முதல் கட்டத்துக்குக் குடியேறலாம் என்ற சான்று வந்த மூன்று மாதத்துக்குள் அதன் பொது இடங்களை அவர்கள் சங்கத்துக்குப் பில்டர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது 17-ஆவது பிரிவு. எழுதிக்கொடுத்துவிட்டார் என்றால், அடுத்தவர் வீட்டுக் குளத்தைக் காட்டி உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார். உங்கள் சண்டை வாட்ச்மேனோடு இல்லை, விற்றவரோடு. எழுதிக்கொடுக்கவில்லை என்றால் முதல் கட்டத்துக்காரர்களின் சங்கத்துக்கு உங்களைத் தடுக்க உரிமை உண்டா என்பதே கேள்வி. அதைவிட, அந்தக் குளம் இன்னும் தங்கள் சங்கத்தின் பெயருக்கு வரவில்லை என்றே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இதை மரியாதையாக ஒரு கடிதத்தில் எழுதி அவர்கள் செகரட்டரிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரமே காபிக்குக் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டால் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். வீட்டு எண்ணிக்கை விகிதத்தில் பராமரிப்புச் செலவு, கார்ப்பஸ் எனும் சங்க வைப்புநிதியில் ஒரு பங்கு, குளத்துக்கு நேர அட்டவணை என்று எழுதிக்கொண்டு போங்கள். கேட் விஷயம் வேறு. அந்த ரோடு வரைபடத்தில் உங்களுக்கான பாதையாகக் காட்டப்பட்டிருந்தால் ஒன்பது மணிக்கும் பூட்ட முடியாது, ஒரு மணிக்கும் பூட்ட முடியாது. ஆம்புலன்ஸுக்கு நின்று சாவி தேடவா?

சுருக்கமாகச் சில:

'சங்கத்தை இன்னும் பதிவே செய்யவில்லை, பில்டர் தள்ளிப்போடுகிறார்' (கேளம்பாக்கம் வாசகர்): அவருக்காகக் காத்திருக்காதீர்கள். பாதிப்பேருக்கு மேல் வீடு புக் செய்த மூன்று மாதத்தில் சங்கம் அமைய அவர் வழிசெய்திருக்க வேண்டும். நம் மாநிலத்தின் புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-இல் இயற்றி, 2024-இல் நடைமுறைக்கு வந்தது, அதன்கீழ் பதியுங்கள். சங்கம் இல்லாத 300 பேரைவிட, சங்கம் உள்ள முப்பது பேரின் கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

'இரண்டாம் கட்டத்தால் என் வீட்டு விலை குறையுமா?' (சிறுசேரி வாசகர்): விற்கப்போகிறீர்களா? இல்லையென்றால் எதற்குக் கவலை.

'பில்டர் எங்கள் செகரட்டரிக்கு இரண்டாம் கட்டத்தில் சலுகை விலையில் வீடு கொடுத்திருக்கிறாராம்' (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்): வில்லங்கச் சான்றை இணையத்தில் காசில்லாமலே பார்க்கலாம். புதிய கட்டத்தின் சர்வே எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர் இருந்தால் பொதுக்குழுவில் கேளுங்கள், குரூப்பில் கேட்காதீர்கள். இல்லாவிட்டால் அவரிடம் மன்னிப்பும் கேட்கவேண்டியிருக்கும். மாடிப்படியில் தினம் எதிரே வருவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பத்திரங்களின் நகலை மட்டும் அனுப்புங்கள். போன மாதம் ஊரப்பாக்கத்திலிருந்து ஒருவர் அசல் கிரையப் பத்திரத்தையே, ஏ ஷெட்யூலில் சிவப்பு மையால் கோடு போட்டு, சாதாரணக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். உள்ளே போன் நம்பர் இல்லை. பத்திரம் என் பீரோவில் இருக்கிறது. அடையாள அட்டையோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தால், சொல்லி அனுப்புவார்கள், கொண்டுவந்து தருகிறேன்.